பில்லி வாக்னருக்கு ஏன் பத்து வருடம் ஆனது?

2025 ஜனவரியில் அமெரிக்க பேஸ்பாலின் தலைசிறந்த பழைய வீரர்களைச் சேர்க்கும் கௌரவ மன்றமான ஹால் ஆஃப் ஃபேமின் வாக்கெடுப்பு முடிவு வந்தபோது பேச்செல்லாம் இச்சிரோ சுசுகியைப் பற்றித்தான். ஒரே ஒரு வாக்கில் நூறு சதவீதத்தைத் தவறவிட்டவர் என்றால் பேசத்தானே செய்வார்கள். அவரோடு சி.சி. சபாதியாவும் முதல் முயற்சியிலேயே தேர்வானார். மூன்றாவது பெயர் பில்லி வாக்னர். அவருக்கு அது பத்தாவது முயற்சி. அதற்கு மேல் பத்திரிகையாளர்களின் வாக்குச்சீட்டில் பெயர் வராது, பத்து வருடம்தான் விதி. 82.5 சதவீதம் வாங்கி உள்ளே போனார். இடது கையால் வீசும் ரிலீஃப் பிட்சர் ஒருவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

இவர் விளையாடிய காலத்தில் இவரைவிடக் கஷ்டமான பிட்சரை எதிர்கொண்டோம் என்று சொல்லக்கூடிய பேட்டர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்டவருக்கு முதல் மூன்று வருடமும் கிடைத்தது பத்து, பதினொரு சதவீதம்தான். ஏன்? ஒரு ரிலீஃப் பிட்சரின் வேலையை எதை வைத்து அளப்பது என்பதில் பேஸ்பால் உலகம் வெகுகாலம் தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்தது, அதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

பேஸ்பால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்தோ ஆறோ இன்னிங்ஸ் வீசுவார். கை தளர்ந்ததும் வேறொருவர் வருவார், பிறகு இன்னொருவர். இப்படி வருபவர்கள்தான் ரிலீஃப் பிட்சர்கள். அணி முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுப்பவருக்கு க்ளோசர் என்று பெயர். நம் ஆட்கள் டெத் ஓவருக்கென்று ஒரு பவுலரைக் காப்பாற்றி வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வித்தியாசம், பேஸ்பாலில் ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்பவே முடியாது. அதனால் யாரை எப்போது இறக்குவது என்பது மேனேஜருக்குத் தினமும் தலைவலி.

மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்று ஓர் இடம் இருக்கும். ரிலீஃப் பிட்சர்கள் ஆறேழு பேர் முதல் இன்னிங்ஸிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு தொலைபேசி உண்டு. மேனேஜர் அழைத்து ஒரு பெயரைச் சொன்னால் அவர் மேலாடையைக் கழற்றிவிட்டு வீச ஆரம்பிக்க வேண்டும், தோள் சூடேற சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் களத்தில் ஒரே பந்தில் இரண்டு அவுட் விழுந்து நிலைமை மாறிவிட்டால் மறுபடி தொலைபேசி அடிக்கும், உட்காரு என்பார்கள். முழு வேகத்தில் வீசிச் சூடேற்றிய அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆனால் முழங்கைக்கு அந்தக் கணக்கு தெரியும். அடுத்த நாளும் இதே, அதற்கடுத்த நாளும் இதே. ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள். தொடக்க பிட்சருக்கு ஒருமுறை வீசிவிட்டால் நான்கைந்து நாள் ஓய்வு உண்டு, இவர்களுக்கு நாளைக்கு வேலை இருக்குமா இல்லையா என்பதே தெரியாது.

இந்த வேலைக்கென்றே ஆசைப்பட்டு வந்தவர்கள் அநேகமாக யாரும் கிடையாது. இளம் பிட்சர் என்றால் தொடக்க பிட்சராகத்தான் வளர்ப்பார்கள், அங்கே சரிவராதபோது புல்பென்னுக்குப் போவார். மரியானோ ரிவேரா 1995-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காகப் பத்து ஆட்டங்களைத் தொடங்கியவர். டென்னிஸ் எக்கர்ஸ்லி பல வருடம் தொடக்க பிட்சராக இருந்துவிட்டு, 1987-ல் ஓக்லண்ட் அணிக்கு வந்த பிறகுதான் ரிலீஃபுக்கு மாறினார். ட்ரெவர் ஹாஃப்மன் பிட்சரே இல்லை, ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது களத்தடுப்பாளராக வந்தவர்.

வாக்னரின் பாதை இன்னும் விசித்திரமானது. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், மலைப்பக்கத்தில், வறுமையில் வளர்ந்த பையன். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், உறவினர் வீடு, தாத்தா பாட்டி வீடு என்று மாறி மாறி இருந்தான். பிறவியில் வலது கைக்காரன். சின்ன வயதில் விளையாடும்போது வலது கை முறிந்தது, கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் அதே கை மறுபடி முறிந்தது. பந்து வீசாமல் இருக்க முடியாத பிள்ளை, என்ன செய்வான்? இடது கையால் சுவரில் எறிந்து எறிந்து பழகினான். அந்தக் கைதான் பின்னாளில் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. இன்றைக்கும் அவர் எழுதுவது வலது கையால்தான்.

ஆள் உயரமும் கிடையாது. 5 அடி 10 அங்குலம் என்பது பிட்சர்கள் நடுவில் குள்ளம். பெரிய கல்லூரிகள் எதுவும் தேடி வரவில்லை, ஃபெரம் என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்தார், விளையாட்டில் மூன்றாம் நிலைப் பிரிவில் இருந்த கல்லூரி அது. 1992-ல் அங்கே அவர் வீசியது 51 இன்னிங்ஸ் சொச்சம், எடுத்த ஸ்ட்ரைக்அவுட் 109. பேட்டர் அடிக்கத் தவறும் பந்தும், அடிக்காமல் விட்டுவிடும் சரியான பந்தும் ஸ்ட்ரைக்; பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவதுதான் ஸ்ட்ரைக்அவுட். ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்தானே, அதில் சராசரியாக இரண்டுக்கு மேல் இவருடைய ஸ்ட்ரைக்அவுட். அடுத்த வருடமே அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி முதல் சுற்றில், 12-வது தேர்வாக எடுத்துக்கொண்டது.

ஆஸ்ட்ரோஸும் அவரைத் தொடக்க பிட்சராகத்தான் கீழ்நிலை லீகுகளில் வளர்த்தது. 1995 செப்டம்பரில் உச்சநிலையான மேஜர் லீகில் ஒரே ஒரு பேட்டருக்கு வீசிவிட்டுப் போனார். 1996-ல் மறுபடி அழைத்தபோது புல்பென்னில் உட்கார வைத்தார்கள், அங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் இருந்தது அடிப்படையில் இரண்டே வகைப் பந்து: வேகப்பந்து, கடைசியில் திரும்பும் ஸ்லைடர். ஐந்தாறு இன்னிங்ஸ் வீச வேண்டிய தொடக்க பிட்சருக்கு அது பற்றாது, ஒரே பேட்டர் மூன்றாவது முறை வரும்போது இரண்டையும் படித்து வைத்திருப்பார். ஓர் இன்னிங்ஸ் மட்டும் வீசுபவருக்கு அந்தக் கவலையே இல்லை. பேட்டர் நிற்கும் இடம் வரையிலான 60 அடி 6 அங்குலத் தூரத்தை அந்த வேகப்பந்து கடக்க அரை நொடிகூட ஆகாது, அதற்குள் இது எந்தப் பந்து என்று கண்டுபிடித்து மட்டையைச் சுழற்ற வேண்டும்.

1999 சீசனைப் பாருங்கள். 74 இன்னிங்ஸ் சொச்சத்தில் 124 ஸ்ட்ரைக்அவுட், 39 சேவ் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்), ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்ட ரன் 1.57. அந்தச் சராசரிக்குத்தான் ஈ.ஆர்.ஏ. என்று பெயர், களத்தடுப்புப் பிழைகளால் வந்த ரன்களைச் சேர்க்க மாட்டார்கள், குறையக் குறைய நல்லது. வீட்டுக்கு வீடு ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி வெளியே அடிப்பது, பேச்சாக இருந்த காலம் அது, ஸ்டீராய்டு உச்சத்தில் இருந்த வருடங்கள், பேட்டர்கள் பந்தைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அளவு புரியும்.

அதற்கு முந்தைய வருடம், 1998 ஜூலை 15 அன்று, அரிசோனாவில் கெல்லி ஸ்டின்னெட் அடித்த பந்து நேராகத் திரும்பி வந்து வாக்னரின் தலையில், காதுப் பக்கமாக மோதியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிட்சர் வீசி முடிக்கும் நேரத்தில் பேட்டருக்கு இன்னும் நெருக்கமாக வந்திருப்பார், கையில் க்ளவுஸ் இருந்தாலும் தூக்க நேரம் இருக்காது. அப்படி அடிபட்டவர் சில வாரங்களில் திரும்பி வந்து பிட்சர் நின்று வீசும் அதே மேட்டில் நின்று அதே வேகத்தில் வீசினார். 2000-ல் முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை, அந்த சீசன் போயே போய்விட்டது. 2001-ல் மீண்டும் 39 சேவ்.

சரி, இந்த சேவ் என்பது என்ன? இங்கேதான் முழுக் குழப்பமும். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ விளையாட்டுப் பத்திரிகையாளர் முன்வைத்த கணக்கு இது. ரிலீஃப் பிட்சர்களின் உழைப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியவில்லையே என்ற நியாயமான ஆதங்கத்தில் பிறந்தது, 1969-ல் அதிகாரபூர்வமானது. அணி மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் இருக்கும்போது உள்ளே வந்து, குறைந்தது ஓர் இன்னிங்ஸ் வீசி, முன்னிலை போகாமல் ஆட்டத்தை முடித்தால் ஒரு சேவ். வேறு சில வழிகளும் உண்டு, பெரும்பாலான சேவ்கள் இப்படித்தான் வரும்.

ஆரம்பத்தில் இது ஓரளவு பொருந்தியது. ஏனென்றால் அன்றைய ரிலீஃப் பிட்சர்கள் ஓர் இன்னிங்ஸோடு நிற்கவில்லை. கூஸ் காஸேஜ் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் எதிரணி ஆட்கள் பேஸில், அதாவது ரன்னுக்காக ஓடும் வழியிலுள்ள நிறுத்தங்களில், நிற்கும்போதே வந்து மிச்ச ஆட்டம் முழுவதையும் முடிப்பார், 1978-ல் 130 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். எண்பதுகளின் கடைசியில் ஓக்லண்ட் மேனேஜர் டோனி லா ரூஸா, எக்கர்ஸ்லியை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். அது அபாரமாக வேலை செய்தது, 1992-ல் எக்கர்ஸ்லி சிறந்த பிட்சர் விருது, மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது இரண்டையும் வாங்கினார். அப்புறம் எல்லா அணிகளும் அதையே செய்தன. விளைவு, சேவ் என்ற எண்ணுக்காகவே க்ளோசரைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஒரு ரன் முன்னிலையைக் காப்பாற்றியவருக்கு சேவ் கிடையாது. ஒன்பதாவதில் யாரும் பேஸில் இல்லாமல், மூன்று ரன் முன்னிலையோடு வந்து முடித்தவருக்கு உண்டு. எது கடினம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கு வாக்னரின் வாழ்க்கையிலேயே ஓர் ஆட்டம் இருக்கிறது. 2003 ஜூன் 11, யாங்கீ ஸ்டேடியம். ஆஸ்ட்ரோஸின் தொடக்க பிட்சர் ராய் ஓஸ்வால்ட் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தொடை இடுக்கில் வலி என்று வெளியேறிவிட்டார். பீட் மன்ரோ, கர்க் சார்லூஸ், பிராட் லிட்ஜ், ஆக்டேவியோ டோட்டல் என்று புல்பென்னிலிருந்து வரிசையாக வந்தார்கள், யாங்கீஸுக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் டோட்டல் நான்கு ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார், மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பிடிக்காவிட்டால் பேட்டர் ஓடிப் பிழைக்கலாம் என்பதால் இப்படியும் நடக்கும். ஒன்பதாவதுக்கு வாக்னர். கடைசி பேட்டர் ஹிடேகி மட்சுயி. தரையோடு அடித்த பந்தை முதல் பேஸில் ஜெஃப் பேக்வெல் எடுத்து, பேஸை நோக்கி ஓடி வந்த வாக்னரிடம் எறிய, அவரே காலை வைத்து ஆட்டத்தை முடித்தார். ஆறு பிட்சர்கள் சேர்ந்து ஒரு நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம். யாங்கீஸுக்கு அப்படி நடந்து 45 வருடம் ஆகியிருந்தது. 1958-ல் அதைச் செய்த ஹாய்ட் வில்ஹெம் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன முதல் ரிலீஃப் பிட்சர்.

அன்றைய ஸ்கோர் 8-0. அதனால் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வாக்னருக்கு சேவ் கிடையாது.

2003-க்குப் பிறகு ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ், அங்கே இரண்டு வருடம். பிறகு நியூயார்க் மெட்ஸ், நான்கு வருடத்துக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர். க்ளோசருக்கு அவ்வளவா என்று அன்று பேசினார்கள். முதல் வருடமே 40 சேவ் எடுத்து மெட்ஸை ப்ளே ஆஃபுக்குக் கொண்டு போனார், அங்கேதான் அவர் பெயருக்கு விழுந்த பெரிய அடியும் வந்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிராக இரண்டாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 6-6. முதலில் வந்த சோ டகுச்சி அந்த சீசன் முழுக்க இரண்டே ஹோம் ரன் அடித்தவர். வாக்னரின் பந்தை வெளியே அடித்தார். ஆட்டம் 9-6 என்று போனது.

அவருக்கு எதிராகச் சொல்லப்பட்டதில் நியாயமானது இதுதான். ப்ளே ஆஃப் ஆட்டங்களில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 10.03. மோசம்தான், மறுக்கவே முடியாது. அதே ஆட்டங்களில் ரிவேராவின் எண் 0.70. ஆனால் வாக்னர் அங்கே வீசியது மொத்தமே 12 இன்னிங்ஸ்கூட இல்லை, ரிவேரா வீசியது 141. பன்னிரண்டு இன்னிங்ஸ் என்பது ஒரு ரிலீஃப் பிட்சருக்குச் சாதாரண ஒரு மாத வேலை. 16 சீசன் ஆடியவரின் ஒரு மாதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இவருக்கு நெருக்கடியில் கை நடுங்கும் என்று தீர்ப்பெழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ரன் முன்னிலையில், நிரம்பிய மைதானத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வருவதே நெருக்கடிதான். அதை அவர் நூற்றுக்கணக்கான இரவுகள் செய்திருக்கிறார்.

2008 செப்டம்பரில், 37 வயதில், டாமி ஜான் அறுவை சிகிச்சை. முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக உடம்பின் வேறொரு இடத்திலிருந்து எடுத்து வைத்துத் தைப்பது, 1974-ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது, அன்று அதைச் செய்துகொண்ட பிட்சரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்த வயதில் இத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் வாக்னர் மேட்டில் நின்றார். பிறகு பாஸ்டன் அணிக்கு மாற்றப்பட்டார், அந்த 2009-ல் இரண்டு அணிகளுக்குமாக 16 இன்னிங்ஸுக்கும் குறைவாக வீசி 26 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். 2010-ல் அட்லாண்டா பிரேவ்ஸ். 39 வயதில் 69 இன்னிங்ஸ், 104 ஸ்ட்ரைக்அவுட், 37 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.43. அவருடைய வாழ்க்கையிலேயே மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. வந்த முழு சீசன் இது. அத்தோடு நிறுத்திவிட்டார், பிள்ளைகள் வளரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தார். வர்ஜீனியாவில் ஒரு பள்ளியில் பயிற்சியாளராகப் போனார். மகன் வில் வாக்னர் 2024 ஆகஸ்டில் டொரன்டோ ப்ளூ ஜேஸ் அணிக்காக மேஜர் லீகில் இறங்கினான்.

ஓய்வு பெறும்போது வாக்னரின் சேவ் எண்ணிக்கை 422. இடது கைக்காரர்களில் அன்று முதலிடம் ஜான் ஃப்ராங்கோவுக்கு, 424. இன்னும் ஒரே ஒரு வாரம் ஆடியிருந்தால் தாண்டியிருப்பார்.

இப்போது வாக்கெடுப்புக்கு வருவோம். 75 சதவீதம் வேண்டும். வாக்னருக்கு 2016-ல் கிடைத்தது 10.5. பிறகு 10.2, பிறகு 11.1. அந்த 2018-ல்தான் ட்ரெவர் ஹாஃப்மன் 601 சேவ் என்ற எண்ணோடு, மூன்றாவது முயற்சியில் 79.9 சதவீதம் வாங்கிப் போனார். அடுத்த வருடம் 652 சேவ் எடுத்த ரிவேராவுக்கு நூறு சதவீதம், அந்தப் பெருமை அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. ரிவேராவைப் பற்றி எனக்கு மறுபேச்சே இல்லை. ஹாஃப்மனும் தகுதியானவர்தான். ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஹாஃப்மனின் ஈ.ஆர்.ஏ. 2.87, வாக்னரின் ஈ.ஆர்.ஏ. 2.31. ஹாஃப்மன் 1,089 இன்னிங்ஸில் 1,133 ஸ்ட்ரைக்அவுட். வாக்னர் 903 இன்னிங்ஸில் 1,196. குறைவாக வீசி அதிகமாக எடுத்திருக்கிறார். ஒருவருக்கு 79.9, மற்றவருக்கு 11.1 என்று வித்தியாசம் வர வேண்டிய அளவுக்கு இவர்கள் நடுவில் என்ன இருக்கிறது? சேவ் என்ற அந்த ஓர் எண்ணைத் தவிர எதுவும் இல்லை.

அந்த 903 இன்னிங்ஸ்தான் இன்னொரு தடை. அவர் காலத்து நல்ல தொடக்க பிட்சர் வருடத்துக்கு 200 இன்னிங்ஸ் வீசுவார். அந்தக் கணக்கில் வாக்னரின் 16 சீசனும் தொடக்க பிட்சரின் நான்கரை சீசன். இவ்வளவு குறைவாக வேலை செய்தவருக்கு எப்படி இடம் கொடுப்பது என்று கேட்ட வாக்காளர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் இன்னிங்ஸை எண்ணும்போது எந்த இன்னிங்ஸ் என்பதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் போகும் ஒரு ரன்னைத் திருப்பி எடுக்க அணிக்கு மிச்ச ஆட்டம் இருக்கிறது. ஒன்பதாவதில் போகும் ரன்னோடு ஆட்டமே போய்விடும். க்ளோசர் வீசுவது பெரும்பாலும் அந்த வகை இன்னிங்ஸ். அதில் பேட்டர்களை இவர் எப்படிக் கட்டி வைத்தார் என்றால், எதிரே வந்தவர்களில் மூன்றில் ஒருவர் ஸ்ட்ரைக்அவுட், மொத்தமாக அவர்கள் அடித்த சராசரி .187, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 187 ஹிட். அவர் தேர்வானபோது, குறைந்தது 900 இன்னிங்ஸ் வீசியவர்களில் இதைவிடக் குறைந்த சராசரி யாருக்கும் இருக்கவில்லை, ஒன்பது இன்னிங்ஸுக்கு 11.9 ஸ்ட்ரைக்அவுட் என்ற அவருடைய விகிதத்தை எட்டியவரும் அன்று இல்லை.

மெல்ல மெல்ல இது மனதில் ஏறியது. வாக்களிக்கும் பத்திரிகையாளர்களில் இளையவர்கள் அதிகமானார்கள், சேவ் கணக்கைத் தாண்டிப் பார்க்கும் பழக்கம் பரவியது, வாக்குச்சீட்டில் நெரிசலும் குறைந்தது. ஒருவர் பத்துப் பேருக்கு மேல் வாக்களிக்க முடியாது என்பதால் முதல் வருடங்களின் நெரிசல் அவரை நன்றாகவே அமுக்கியிருந்தது. 2019-ல் 16.7, அடுத்த வருடம் 31.7, பிறகு 46.4, 51, 68.1. 2024-ல் 73.8. ஐந்தே ஐந்து வாக்கு குறைவு. மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு. அதில்தான் 394 வாக்குகளில் 325 வாங்கி, ஹால் ஆஃப் ஃபேமின் ஒன்பதாவது ரிலீஃப் பிட்சர் ஆனார். ஜான் ஃப்ராங்கோ அவரைவிட இரண்டு சேவ் அதிகம் எடுத்தவர், ஆனால் 2011-ல் ஐந்து சதவீதம்கூட வராமல் முதல் வருடத்தோடு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்.

அடுத்து யார் என்று பார்த்தால் வெனிசுவேலாவின் ஃப்ரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் இருக்கிறார். 2008-ல் ஒரே சீசனில் 62 சேவ் எடுத்தவர், அதற்கு முன்னும் பின்னும் யாரும் எடுக்காதது. மொத்தம் 437, வாக்னரைவிட 15 அதிகம். ஆனால் ஈ.ஆர்.ஏ. 2.86, இன்னிங்ஸ் 976. 2025-ல் அவருக்குக் கிடைத்தது 10.2 சதவீதம், வாக்னர் தொடங்கிய அதே இடம். வாக்னருக்கு உதவிய எண்களைக் கொண்டு பார்த்தால் ரோட்ரிகஸ் கொஞ்சம் பின்தங்குகிறார், நான் வாக்காளராக இருந்தால் தயங்குவேன். ஆனால் 2002-ல் அனாஹைம் ஏஞ்சல்ஸுக்காக உலகத் தொடரை வென்றபோது இருபதே வயதில் அவர் ப்ளே ஆஃபில் ஐந்து வெற்றிகள் எடுத்ததையும், வாக்னரின் ப்ளே ஆஃப் எண்களை எடுத்துப் பேசியவர்கள் இங்கே எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.